இஸ்மெனியா தட்டிய சுவர்

மொம்போஸ் ஊர் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த நர்ஸ் யானெத்துக்கு, நடக்கும் தூரத்தில் ஒரு கட்டிலும் ஒரு கதவும் இருந்தால் போதும் என்றிருந்தது. ஆற்றங்கரைத் தெருவில் ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்த பழைய வீடு கிடைத்தது. முதல் நாள் வேலையை முடித்துவிட்டு மத்தியானம் வந்து திறந்தாள். ஈரச் சுண்ணாம்பு வாடை. அதற்கு அடியில் வேறொரு வாடை. வார்டில் பழகிய மூக்குதான். ஆனாலும் என்னவென்று யோசிக்கத் தெம்பில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டாள்.

நாலு மணிக்கு விழிப்புத் தட்டியது. தெரு முழுக்க ஒரே பாட்டு. எல்லா வீட்டு டிவியிலும் ஒரே தொடர்.

தட். தட். தட்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று நினைத்துச் சுவரில் காதை வைத்தாள். சத்தம் அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. அவள் காலடியில், தரையோடு தரையாக, இந்தப் பக்கத்திலிருந்தே யாரோ தட்டினார்கள்.

அங்கே யாரும் இல்லை.

பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். வீட்டுக்காரி ஃபிதெலினாவும் இன்னும் மூன்று பெண்களும் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"உக்காரு கண்ணு. காப்பி ஊத்திக்க. விளம்பரத்துல பேசிக்கலாம்," என்றாள் ஃபிதெலினா.

தட்டல் இங்கேயும் கேட்டது. ஃபிதெலினா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள்.

விளம்பரம் வந்தது.

"என் வீட்ல தட்டுறது யாரு, அக்கா?"

"இஸ்மெனியா." ஃபிதெலினாவின் குரல் தாழ்ந்தது. "உன் வீட்ல தனியா இருந்தவ. போன வருஷம் இந்தத் தொடர்ல மாரிசெலா செத்துப்போனாள்ல, தெருவே கறுப்பு உடுத்துச்சு. இதே கூடத்துல அவ படத்த வச்சு, நெசமாச் செத்தவங்களுக்குச் சொல்ற மாதிரி ஒம்பது நாள் ஜெபமாலை சொன்னோம். அப்பத்தான் இஸ்மெனியா சுவத்தத் தட்டினா. டிவியக் குறைக்கச் சொல்றான்னு நெனச்சோம்."

"போய்ப் பாக்கலையா?"

"இன்னும் கூட்டி வச்சோம். அவளுக்கு நம்ம தொடருன்னாலே ஆகாதுன்னு சிரிச்சோம். ஒம்பதாம் நாள் வாடை வந்துதான் கதவ ஒடச்சாங்க. இடுப்பு ஒடஞ்சு சுவரோரமாக் கெடந்தா."

"எத்தன நாள் தட்டினாங்க?"

"நாலு."

"அவங்களுக்கு ஜெபமாலை சொன்னீங்களா?"

பதில் வருவதற்குள் விளம்பரம் முடிந்தது. நாலு முகங்களும் ஒன்றாகத் திரைப் பக்கம் திரும்பின.

திட்டவும் யானெத்துக்குச் சக்தி இல்லை. எத்தனையோ நாள் வார்டில் நோயாளிகள் அடிக்கும் மணிச் சத்தம் கேட்டும் கேட்காதவள்போல் அவளும் நடந்திருக்கிறாள். வீட்டுக்குத் திரும்பி, சுவரோரம் தரையில் உட்கார்ந்து, தட்டல் வந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"நான் இருக்கேன், இஸ்மெனியாக்கா."

தட்டல் நின்றது.

கைக்குக் கீழே சுவர் சில்லிட்டது. இன்னொரு கை வந்து பொருந்துவதுபோல, விரல் விரலாக.

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு அங்கே உட்கார்ந்து ஜெபமாலை சொன்னாள். பல நாள் பாதியிலேயே தூங்கிப்போனாள். ஒன்பதாம் நாள் ஃபிதெலினா டிவியை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் முழந்தாளிட்டாள். மற்றவர்கள் வரவில்லை.

"மன்னிச்சிரு இஸ்மெனியா," என்றாள் சுவரைப் பார்த்து.

சுவர் அமைதியாக இருந்தது. இருவரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள்.

அப்போது எதிர்வீட்டில் கேட்டது.

தட். தட். தட்.

பிறகு அதற்கடுத்த வீட்டில். பிறகு தெருக்கோடியில். கடைசியில் ஒரே சமயத்தில், பல கைகள்.

ஃபிதெலினா யானெத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அங்கல்லாம் யாரு செத்தா?"

வெளியே, வீடு வீடாக, டிவிச் சத்தம் கூடிக்கொண்டே போனது.