தலைக்கு மேலே ஒரு ‘துலோ’

லோசலினி அந்தத் தீவு ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக மாற்றலாகி வந்தபின் வந்த முதல் படகு நாள் அது. விடிந்ததிலிருந்தே வானம் இருட்டிக்கொண்டு நின்றது. குடையை மடக்கி வராந்தா மூலையில் சாய்த்துவிட்டு வார்டுக்குள் நுழைந்தாள். நடுப்பகல் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள், அப்படி ஒரு மங்கல். புயலில் போன கரண்ட் வந்தபாடில்லை. ஊறிப்போன மரச்சுவரின் வாடை, பினாயில் வாடை, பின்பக்கம் யாரோ மரவள்ளிக்கிழங்கு வேகவைக்கிற வாடை. வரிசையாகக் கிடந்த கட்டில்களில் கடைசி ஒன்றில் மட்டும் ஆள் இருந்தார்.

“வந்துட்டியா, நண்டு திருடி?” என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

“வந்துட்டேன், கிழட்டு ஆமை. நீ இன்னும் போய்ச் சேரலையா?”

“போனேன். உன் ஊர்க்காரனுங்களே அங்க நிறைஞ்சு கிடக்கானுங்க. நாத்தம் தாங்காம திரும்பிட்டேன்.”

அபெனிசாவுக்கு அவள் அப்பா வயது. ஊர் மெச்சிய படகோட்டி. வேறு யாராவது அவரிடம் இப்படி வாய் விட்டிருந்தால் ஊரே திரண்டு வந்திருக்கும். ஆனால் அவர் குலமும் அவள் குலமும் தௌவு. ஆதியில் ஒரே தெய்வத்தின் வழி வந்தவர்கள். தௌவுகள் பார்த்துக்கொண்டால் திட்டிக்கொள்ளத்தான் வேண்டும். மரியாதையாகப் பேசினால்தான் கோபம் வரும். அவர் தலைமாட்டில் இருந்த பப்பாளித் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே அவள் நாடி பார்த்தாள்.

சிரிப்பு அடங்கியதும் அவர் காலைப் பார்த்தாள். பவளப்பாறை கிழித்த கால்புண் சர்க்கரை உடம்பில் சீழ் பிடித்து, விஷம் இரத்தத்தில் ஏறியிருந்தது. பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. அதைத் தாங்கிப் பிடிக்கிற மருந்தைச் சலைன் பையில் கலந்து, இடது முன்கையில் சொருகிய பிளாஸ்டிக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டிருந்தார்கள். சொட்டு நின்றால் பிரஷர் விழும். வேகமாக இறங்கினாலோ அந்தக் களைத்த இதயம் தறிகெட்டு ஓடி நின்றுவிடும். குழாய் நரம்பை விட்டு நழுவினால் மருந்து சதைக்குள் கசிந்து கையே கருகிப்போகும். சொட்டை எண்ணி விடுகிற மெஷின் கரண்ட் இல்லாமல் மூலையில் கிடந்தது. ட்யூபில் இருந்த சின்னச் சக்கரம் ஒன்றுதான் கதி. படகில் ஏற்றி, அக்கரைப் பெரிய ஆஸ்பத்திரியின் கையில் ஒப்படைக்கும்வரை அந்தச் சக்கரம் அசையக் கூடாது. அவ்வளவுதான் வேலை என்று சொல்வது சுலபம்.

முன்கையை லாந்தர் விளக்கருகே திருப்பிப் பார்த்தாள். குழாய் நின்ற இடம் சிவக்கவில்லை, வீங்கவில்லை, தொட்டால் வலிக்கவில்லை.

“துலோ” என்று சொல்லிவிட்டு எழுந்து, பையைப் பார்க்கக் கை நீட்டினாள்.

“இயோ” என்று முனகினார் அவர்.

தௌவுக்குள் இது அவசியமில்லை; ஆனாலும் வாய்க்குப் பழகிப்போன வார்த்தை. ஒருவர் தலைக்கு மேலே கை போகிறதென்றால் ‘துலோ’ என்று பொறுத்தருளக் கேட்க வேண்டும். கீழே இருப்பவர் ‘இயோ’, சரி, என்பார். அலமாரியில் உப்பு டப்பா எடுக்கவும் இதுதான் முறை. டிரிப்ஸ் பை தொங்குவதே தலைக்கு மேலே என்பதால் நர்ஸ்களின் வாயில் நாள் முழுக்க இந்த வார்த்தை ஓடிக்கொண்டிருக்கும்.

பஞ்சும் பிளாஸ்திரியும் எடுக்க அடுத்த அறைக்குப் போனாள். மழை தகரக் கூரையில் பிடித்துக்கொண்டது. டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது வார்டிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. மெல்லிய, பணிவான குரல்.

“துலோ.”

“இயோ” என்றார் அபெனிசா.

சிஸ்டர் மக்கெரெத்தா வந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தாள் லோசலினி. பெரிய சிஸ்டர் வந்தால் நல்லதுதான். நிதானமாகவே திரும்பி வந்தாள்.

வார்டில் யாரும் இல்லை.

ஒரு வாசனை மட்டும் நின்றது. பூப் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய். அதற்கு அடியில், சகிக்க முடியாமல், கடல்பாசி அழுகிய வாடை.

அபெனிசாவின் வாய் திறந்திருந்தது. கழுத்து நரம்பு பட்பட்டென்று அடித்தது. அவள் அண்ணாந்து பார்த்தாள்.

சொட்டு இல்லை. ஒரே கோடாக ஊற்றிக்கொண்டிருந்தது.

“ஐயோ!”

பாய்ந்து சக்கரத்தை இறுக்கினாள். அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்; நாடி விரலுக்குள் எகிறியது. பிரஷர் பட்டையைக் கட்டினாள், பார்த்தாள், மறுபடி பார்த்தாள். மெல்ல, மிக மெல்ல நாடி தணிந்தது. அதன்பிறகே சக்கரத்தை மயிரிழை தளர்த்திச் சொட்டை மறுபடி விட்டாள்.

“யாரு வந்தா?”

“சிஸ்டர்தான், யாரோ… பெரியவங்க.” மூச்சு வாங்கினார். “கை ஜில்லுனு இருந்துச்சு. நல்ல மரியாதை தெரிஞ்ச பொம்பளை. உன்னை மாதிரி இல்ல.”

வாசலில் செருப்புச் சத்தம். நனைந்த சீருடையோடு சிஸ்டர் மக்கெரெத்தா அப்போதுதான் படித்துறையிலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

“படகு வளைவு தாண்டிடுச்சு. ஸ்ட்ரெச்சருக்கு ஆள் சொல்லிட்டேன்…” என்று வந்தவள், வாசனை மூக்கில் பட்டதும் நின்றுவிட்டாள். அந்த முகம் அப்படி வெளுத்து லோசலினி பார்த்ததில்லை. மக்கெரெத்தா அவள் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்தாள்.

“துலோ சொல்லுச்சா?”

“சிஸ்டர், யாரது?”

“இவரு இயோன்னாரா?”

“ஆமா.”

மக்கெரெத்தா சிலுவைச் சங்கிலியைப் பற்றிக்கொண்டாள். “உங்கிட்ட சொல்லியிருக்கணும். பயந்து ஓடிடுவேன்னு சொல்லல. ரொம்ப காலத்துக்கு முன்னாடி ஒருத்தி இங்க புருஷனை வச்சிருந்தா. டிரிப்ஸ் பாட்டில் காலியானாத்தான் வீட்டுக்கு அனுப்புவோம்னுட்டாங்க. படகு ஊதிடுச்சு. பாட்டில்ல பாதி மிச்சம். அவ என்ன பண்ணா தெரியுமா? துலோ சொல்லி, அவன் தலைக்கு மேல கை நீட்டி, சக்கரத்தை முழுசாத் திறந்து விட்டுட்டா. தண்ணிதானே, சீக்கிரம் முடிஞ்சா சீக்கிரம் வீட்டுக்குப் போலாம்னு.”

சலைன் நெஞ்சுக்குள் ஏறி மனிதன் கட்டிலிலேயே மூழ்குவதை லோசலினி ஒருமுறை பார்த்திருக்கிறாள். வாயில் நுரை தள்ளும்.

“படகு போயிடுச்சு. அவனும் போயிட்டான். அவ படகு பின்னாடியே கடல்ல இறங்கி நடந்துட்டா.” குரலை இன்னும் தாழ்த்தினாள். “படகு நாள்ல வருவா. கெட்டவ இல்லடி. வீட்டுக்கு அனுப்பத்தான் பாக்குறா. இயோன்னு சொல்லாம தொடவே மாட்டா. ஆனா நம்மாளுங்க எவன் சொல்லாம இருப்பான்? தூக்கத்துல கூட வாய் சொல்லிடும்.”

லோசலினி உள்ளே ஓடினாள். கட்டிலருகே நின்று சக்கரத்தை விரல்களுக்கிடையில் பற்றிக்கொண்டாள். மக்கெரெத்தா லாந்தரைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“இங்க பாரு, ஆமை. இனிமே யார் துலோ சொன்னாலும் நீ வாயே திறக்கக் கூடாது.”

“அதெப்படி? என்னை என்ன காட்டுல பெத்துப் போட்டாங்களா?”

“சொன்னாக் கேளு. உன் உயிர் போயிடும்.”

“உயிர் போறவன் மரியாதையையும் விட்டுட்டுப் போகணுமா?” பிடிவாதமாகக் கண்ணை மூடிக்கொண்டார். பாவி மனுஷன்! அவரை அறையலாம் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

படகு ஊதியது.

நீண்ட, கரகரத்த ஊதல். அது அடங்கியபோது மழையும் அடங்கியது. கூரையிலிருந்து நீர் சொட்டுவதுகூட நின்றது.

எண்ணெய் வாசனை வந்தது.

லோசலினியின் பின்கழுத்து முடி சிலிர்த்தது. ஏதோ ஒன்று அவள் தோளை ஒட்டி நின்றது. ஈரத் துணியின் குளிர். திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் இல்லை.

“துலோ.”

அவள் காதுக்குப் பக்கத்திலேயே.

அபெனிசாவின் உதடுகள் பிரிந்தன. “இ…”

“அவ என் ஊர்க்காரி!” என்று கத்தினாள் லோசலினி. எங்கிருந்து அந்தப் பொய் வந்ததோ அவளுக்கே தெரியாது. “என் ஊர்க்காரிதான்! உனக்குத் தௌவு! திட்டு அவளை!”

கிழவரின் கண் திறந்தது. முகத்தில் பழைய குறும்பு ஓடியது.

“அப்படியா சங்கதி? அடி சேத்து நண்டுக் கூட்டமே! இயோவும் கிடையாது, ஒண்ணும் கிடையாது! என் தலைக்கு மேல நீட்டின கையை ஒடிச்சு அடுப்புல வச்சிடுவேன், போடி!”

வார்டு அசையாமல் கிடந்தது.

சக்கரம் அவள் விரலுக்குள் அப்படியே இருந்தது.

பிறகு, தலைக்கு மேலே, மிக அருகில், யாரோ சிரித்தார்கள். சின்னச் சிரிப்பு. கேலி செய்யப்பட்ட பெண் வெட்கமும் சந்தோஷமுமாகச் சிரிப்பாளே, அந்த மாதிரி. வாசனை விலகியது. மழை மறுபடி கொட்ட ஆரம்பித்தது.

“போயிட்டா!” லோசலினிக்குக் கண்ணில் நீர் முட்டியது. “சிஸ்டர், போயிட்டா!”

மக்கெரெத்தா வாசலை விட்டு நகரவில்லை.

“என்ன காரியம்டி பண்ணிட்ட?” என்றாள். “தௌவு ஆக்கிட்டியே. தௌவு எதையாவது கேட்டுக்கிட்டா எடுப்பான்?”

லோசலினிக்குத் தலையில் இடி விழுந்தது. தௌவு வீட்டில் கோழியைப் பிடித்துக்கொண்டு போகலாம், கிழங்கைப் பிடுங்கிக்கொண்டு போகலாம். அனுமதி கேட்பதுதான் அவமானம். இத்தனை காலமாக அந்தச் செத்தவளைத் தடுத்து நிறுத்தியது ‘இயோ’ என்ற ஒரே ஒரு வார்த்தை. அதை இவளே பிடுங்கி எறிந்துவிட்டாள்.

விரல்களுக்கிடையில் சக்கரம் மெல்ல அசைந்தது.

இறுக்கிப் பிடித்தாள். அது நின்றது. விரலைச் சற்றுத் தளர்த்தினாள். மறுபடி அசைந்தது. எந்தக் குரலும் வரவில்லை.

ஸ்ட்ரெச்சர் ஆட்கள் வந்தார்கள். மக்கெரெத்தா பையை உயர்த்திப் பிடித்துப் படித்துறைவரை வந்தாள். லோசலினி சக்கரத்தை விடாமல் பக்கத்தில் ஓடினாள். படகின் கூரைக் கொக்கியில் பையை மாட்டினார்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பூட்டுப் போட்டமாதிரி சக்கரத்தின் மேல். அலை தூக்கிப் போட்டது. உப்புத் தண்ணீர் முகத்தில் அறைந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. மற்றக் கையால் அவர் முன்கையைத் தடவித் தடவிப் பார்த்தாள், வீக்கம் இல்லை. குழாய் நரம்பில்தான் நிற்கிறது. சொட்டு… சொட்டு… அவள் கண் அதிலிருந்து நகரவேயில்லை.

“ஏ நண்டு, கை மரத்துப் போச்சா?” என்றார் அபெனிசா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. “கொஞ்சம் விட்டுட்டு உதறிக்கோயேன்.”

“மூடு வாயை. உன்னைக் கரை சேர்க்காம நான் விட்டேன்னா பாரு.”

“பெத்த மக கூட எனக்கு இப்படிப் பண்ணமாட்டா” என்றார் அவர், திட்டுவதை மறந்து. அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

பாதி வழியிலேயே விரல்களில் உணர்ச்சி போய்விட்டது. தன் கை தன்னுடையதாகவே தெரியவில்லை. ஆனால் சக்கரம் அசையவில்லை. கடைசிவரை அசையவில்லை.

அக்கரைத் துறைமுகத்தில் விளக்கெல்லாம் எரிந்தது. கரண்ட்! ஆம்புலன்ஸ் காத்திருந்தது. நர்ஸ் ஒருவன், வாட்டசாட்டமான இளைஞன், சொட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு படகில் இறங்கினான். அபெனிசாவின் நாடியைப் பார்த்தான், பிரஷர் பார்த்தான்.

“பரவாயில்லையே! இப்படிப்பட்ட கேஸைக் கையாலேயே ஓட்டிக் கொண்டுவந்திருக்கீங்களே சிஸ்டர். இனி மெஷின் பாத்துக்கும். நீங்க கையை எடுங்க.”

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பிரித்தாள். பின்னால் நகர்ந்து, படகின் ஓரத்தில் சாய்ந்து, மரத்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். உயிரோடு சேர்த்துவிட்டாள்.

இளைஞன் ட்யூபை மெஷினில் மாட்டக் குனிந்தான். மாட்டவில்லை. அப்படியே நின்றான். அவன் பார்வை சக்கரத்தைவிட்டு, அதற்கும் மேலே, யாருடைய முகத்துக்கோ உயர்ந்தது. மரியாதையாகத் தலையைச் சற்றுக் குனிந்துகொண்டான்.

“சிஸ்டர்,” என்றான் தாழ்ந்த குரலில், “இந்தம்மாவையும் கையை எடுக்கச் சொல்லுங்களேன்.”