வெள்ளிக்கிழமை மட்டும்

"ஏங்க... மொதல்ல அதக் கீழ போடுங்க!"

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனி வாசலில், மழைக்கு ஒதுங்கி நின்றவன் திடுக்கிட்டுத் திரும்பினான். வாயில் சிகரெட். முதுகுக்குப் பின்னால் வேஸ்ட் துணி மூட்டைகள். எதிரே, நனைந்த சுடிதாரோடு ஒருத்தி... அம்மாடி, என்ன கண்கள் அவை! கோபத்தில்கூட ஒருத்தி இவ்வளவு அழகாக இருக்கலாமா?

"நீங்க யாருங்க?"

"ஹெல்த் சென்டர்ல இருந்து வர்றேன். சிகரெட்ட விட வைக்கிறதுக்கு கவுன்சிலிங் குடுக்க."

"அப்ப மொத ஆளு நானேதானுங்க!"

அங்கே துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர் குகன் சிரித்துவிட்டான். ஜோதிகா சிரிக்கவில்லை. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள் என்பதுதான் உண்மை.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் மதியம் வந்தாள். கையடக்கமான மிஷின் ஒன்றை நீட்டுவாள். மூச்சை அடக்கி ஊதினால், உடம்பில் ஏறியிருக்கும் புகை எண்ணாகத் தெரியும். ஆறுக்குக் கீழே என்றால் நல்லது. குகனுக்கு முதல் வாரம் இருபத்துநான்கு. அடுத்த வாரம் ஒன்பது... அப்புறம் நான்கு... மூன்று...

"ஊதும்போது என்னையப் பாக்காதீங்க."

"வேற எங்கீங்க பாக்கறது?"

"செவுத்தப் பாருங்க."

"செவுத்துல என்னங்க இருக்குது?"

பாவி... இப்படிப் பேசியே ஆளைக் கவிழ்த்துவிட்டான்!

உசிலம்பட்டியிலிருந்து பிழைக்க வந்த ஜோதிகாவின் அப்பா, கடைசிவரை பீடியை விடாமல் நுரையீரல் புற்றுநோயில் செத்தவர். ஆஸ்பத்திரியில் அவர் மூச்சுக்குத் தவித்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள். புகை பிடிக்கிறவனுக்குக் கழுத்தை நீட்டவே மாட்டேன் என்று அன்றைக்கே முடிவெடுத்திருந்தாள். ஆனால் இவன்தான் விட்டுவிட்டானே... அம்மாவிடம் சொல்லிவிடலாமா?

ஒரு வாரம் வெள்ளிக்கிழமை அரசு விடுமுறை. அதனால் செவ்வாய்க்கிழமையே கிளம்பி வந்தாள். அவளைக் கண்டதும் குகனின் முகம் வெளுத்தது.

"இன்னிக்கு வேண்டாமுங்க..."

"அட, ஊதுங்க சும்மா!"

இருபத்தாறு.

மிஷின் கெட்டுப்போயிருக்க வேண்டும்... கெட்டுப்போயிருக்கட்டும், கடவுளே! அவளே ஊதிப் பார்த்தாள். ஒன்று.

"மிஷின் நல்லாத்தானுங்க இருக்குது," என்றான் குகன், தலையைத் தூக்காமல். "வியாழக்கெழம காலைல இருந்து தொட மாட்டேனுங்க. வெள்ளிக்கெழம நீங்க போனதீம் பத்த வெச்சுருவேன்."

"எதுக்கு இந்த நடிப்பு?"

"நம்பர் கொறஞ்சா உங்க மூஞ்சில ஒரு சந்தோசம் வருமுங்க. அதப் பாக்கோணும்னுட்டுத்தான்..."

"ஒரு நாள் இருக்க முடியுதுல்ல? அப்பறம் என்ன?"

"சிகரெட் இல்லாட்டி கை நடுங்குதுங்க. கட்டிங் மிஷினுக்கு வெரல் போயிரும். அந்த ரெண்டு நாளும் நான் அதத் தொடறதே இல்லீங்க... துணி விரிக்கற வேலையத்தான் பாப்பேன்."

இத்தனை வெள்ளிக்கிழமை வந்தும் அதைக் கவனிக்கவில்லையே! ஊதுகிற மிஷினைப் பிடுங்கிப் பைக்குள் திணித்தாள்.

"கை நடுங்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, டாக்டர்ட்ட மருந்து வாங்கிக் குடுத்திருப்பேன்ல? நீங்க நல்லாயிட்டீங்கன்னு நெனச்சு... உங்களுக்குன்னு நான் ஒண்ணுமே செய்யலியே!"

பையைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. குகன் பின்னாலேயே ஓடிவந்தான்.

"இனிமே பொய் சொல்ல மாட்டேனுங்க! விட்டுப்போட்டுப் போகாதீங்க..."

"வேற ஆளு வருவாரு. அவர்ட்டயாவது நெசத்தச் சொல்லுங்க."

"ஏனுங்க... நீங்க வர மாட்டீங்களா?"

பஸ் வந்து நின்றது. அவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி திரும்பினாள்.

"எனக்கு உங்கள ரொம்பப் புடிச்சிருக்கு. அதான் வர மாட்டேன். நீங்களும் மூச்சுக்குத் தவிக்கிறத என்னால உக்காந்து பாக்க முடியாதுங்க."

"எனக்கும் உங்களத்தானுங்க..."

"தெரியும்," என்றாள் ஜோதிகா. அழுதுகொண்டே பஸ் ஏறிவிட்டாள்.