சாமியறை இல்லாத வீடு

கார்காலம் முடிந்தும் முடியாததுமான நாள்கள் அவை. பெய்து ஓய்ந்த வானம் விடைகொள்ள மனமின்றித் தாழ்ந்து நின்றது. நண்பகலே அந்திபோல் மங்கியிருக்க, பழைய தெருவின் சுண்ணாம்புச் சுவர்கள் தாம் குடித்த நீரைச் சிறுகச் சிறுக மூச்சாய் வெளிவிட்டன. ஈரமும் பாசியும் அப்போதுதான் அணைந்த திரியின் புகையும் கலந்த மணம் ஒன்று அந்தக் கடைசி வீட்டின் உள்ளறையில் அடர்ந்திருந்தது. பூட்டிக் கிடந்த வீட்டில் திரியை அணைத்தது யார் என்பதுதான் அக்காவுக்குப் பிடிபடவில்லை.

அவள் கட்டட வரைவாளர். தெருவின் மற்ற வீடுகளையெல்லாம் அளந்து படம் வரைந்தவள். ஒரே மேஸ்திரி ஒரே அமைப்பில் எழுப்பிய வரிசை அது: கூடம், உள்ளறை, அடுப்படி; பின்னிரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் அமரும் அளவில் சாமியறை. மேஸ்திரி தம் தாயோடு முதன்முதலில் குடியேறிய இந்த வீட்டில் மட்டும் அது இல்லை.

நிறைமாதத் தங்கை குடிவர இருந்த வீடு. பிறக்கும் பிள்ளை உறங்கப்போவதும் இந்த உள்ளறையில்தான். மாலையில் ஒப்பந்தம்.

"அந்த மேஸ்திரியோட அம்மாவுக்குச் சாமி கும்பிடாம பொழுதே விடியாதாமே. அப்புறம் எப்படிச் சாமியறை இல்லாம?"

வீட்டின் சொந்தக்காரர் உள்ளறை நிலையைத் தாண்டாமலேயே சிரித்தார். "பெரிய மனுஷி. கடைசி வரைக்கும் கும்பிட்ட இடத்தை விட்டு எழுந்திருக்கல. இங்க இருந்தவங்க யாரும் குறை சொன்னதில்லம்மா."

"அப்ப ஏன் காலி பண்ணாங்க?"

அவர் குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். மழை பெய்யவில்லை.

"உனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம்," என்றாள் தங்கை. "என் வீட்டுக்காரரையே டேப் வச்சு அளந்தவதானே நீ."

"ரெண்டு அங்குலம் கம்மிதான். போனாப் போகுதுன்னு விட்டேன்."

அடுப்படியிலிருந்து மாப்பிள்ளை சிரிப்பது கேட்டது. விடுமுறை நாள்களில் அவளுக்கு அளவுநாடா பிடிப்பவர் அவர்தான்.

அடுப்படியை ஒட்டிய உள்ளறைச் சுவரில், மார்பளவு உயரத்தில், கை நுழையும் அகலத்துக்கு ஒரு துளை இருந்தது; அதன் விளிம்பெல்லாம் கரி. துணிநாடாவின் நுனியை அதனுள் செலுத்தினாள். மறுபுறம் இருப்பவர் நுனியைப் பற்றியதும் இருமுறை இழுத்துக் காட்டுவது அவர்கள் வழக்கம்.

நாடா இறுகியது. இருமுறை இழுபட்டது.

அளவைப் பார்த்தாள். ஒரு முழங்கூட இல்லை. வெறும் சுவர்தான்; நடுவே அறையென்று எதுவும் இல்லை. சந்தேகம் கரைந்து நெஞ்சு இளகியது.

"போதும், விடுங்க மாப்பிள்ளை."

நாடா விடுபடவில்லை.

அப்போது தெருக்கதவு திறந்தது. மாப்பிள்ளை உள்ளே வந்தார், கையில் தேநீர்க் குடுவையோடு. "பின்வாசல் வழியாப் போனேன் அக்கா. பால் இல்லையாம், வெறும் டீதான்."

நாடா இன்னும் இறுகியே இருந்தது.

அதைக் கைவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். அந்தப் பக்கச் சுவர் வழுவழுவென்று பூசப்பட்டிருந்தது. துளை இல்லை. விரல் மடித்துத் தட்டினாள். உள்ளீடற்ற ஓசை.

உள்ளிருந்தும் ஓசை. இருமுறை.

உள்ளறைக்குத் திரும்பி ஓடினாள்.

"இங்கதான் கும்பிட்டிருக்காங்க போல, அக்கா. கரி இருக்கு பாரு," என்றாள் தங்கை, காலடியோசை கேட்டு. குடிபுகும் வீட்டுக்கென்று கொண்டுவந்த அகலைத் துளையின் கீழே ஏற்றி வைத்திருந்தாள். ஒரு கையால் வயிற்றைத் தாங்கி மண்டியிட்டிருந்தாள். விழிகள் மூடியிருந்தன. தாய் கற்பித்த பதிகம் இதழ்களில் மெல்ல அசைந்தது. தலை தாழ்ந்தது.

தரையில் நாடா இல்லை. முழுவதும் உள்ளே போயிருந்தது.

துளையில் விரல்கள். சுண்ணாம்பாய் வெளுத்தவை. பிறகு மணிக்கட்டு. பிறகு முழங்கை.

அந்தக் கை தங்கையின் உச்சியில் பரிவோடு அமர்ந்தது. அக்காவின் கை என்றெண்ணி, கண் திறவாமலே அவள் புன்னகைத்தாள்.

"நல்லா இரும்மா," என்றது சுவர். "நீயும் பிள்ளையும் இங்கேயே இருங்க."