மூழ்கிய கப்பலில் ஒரு கமாண்டர்

போரில் உயிர்நீத்த மாவீரர்கள் உறங்கும் புனிதக் கல்லறை, கடலடியில் கிடக்கும் அந்தப் போர்க்கப்பல்.

அப்படித்தான் கமாண்டர் சொல்வார்.

உண்மையில் அது ஒரு குண்டுகூடச் சுடாமல், சொந்தத் துறைமுக வாசலிலேயே பாறையில் இடித்து மூழ்கியது. மாவீரர்கள் அனைவரும் நீந்திக் கரையேறி, மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள்.

அந்தக் கப்பலுக்குள் செத்த முதல் ஆள்... கமாண்டர்தான்.

டைவிங் கடை. கமாண்டர் முதுகில் சுமந்த காற்று சிலிண்டரை மேஜைமேல் வைத்துவிட்டு, இன்ஸ்பெக்டர் பயிற்சியாளரை முறைத்தார்.

"காத்து அடைச்சது யாரும்மா?"

"நான்தான் சார்."

"மனுஷன் மூச்சு முட்டிச் செத்திருக்கார். அப்போ நீ ஒழுங்கா அடைக்கலை. கடைக்கு சீல்... உனக்கு ஜெயில்."

அவள் சிலிண்டரின் மீட்டரை நீட்டினாள்.

"முள்ளைப் பாருங்க சார். முக்கால்வாசிக் காத்து அப்படியே இருக்கு. இந்தக் குழாயை வாயில வெச்சு நல்லா இழுங்க."

இழுத்தார். முள் சர்ரென்று இறங்கியது.

நிறுத்தினார். ஏறியது.

"என்ன இது, ஊஞ்சலாடுது?"

"வால்வு லேசாத்தான் திறந்திருக்கு. மேல இருக்கறப்போ போதும். ஆழத்துல ஒவ்வொரு மூச்சுக்கும் நிறைய காத்து வேணும்... வராது. நான் முழுசாத் திறந்துதான் கொடுத்தேன். யாரோ மூடியிருக்காங்க."

"யாரு?"

"குதிக்கறதுக்கு முன்னாடி, ஜோடியா இறங்கறவர்தான் வால்வைத் தொட்டுப் பார்க்கணும். அப்புறம் சார்... அந்தக் குழாயைக் கழுவலை. செத்தவர் வாயிலேர்ந்து எடுத்தது."

இன்ஸ்பெக்டர் வெளியே பாய்ந்தார்.

வாயைத் துடைத்தபடி திரும்பியபோது, ஈரத்தலையோடு இருந்த ஓர் ஆளின் சட்டைக்காலர் அவர் கையில் இருந்தது. கமாண்டரின் மைத்துனன்.

"ஜோடி நீதானேடா?"

"அத்தான் என்னைத் தொடவே விடலை சார். கமாண்டருக்கே செக்கிங்கான்னு கேட்டார். எனக்குக் காது வலிச்சு, பாதியிலயே மேல வந்துட்டேன்."

"இதுக்கு சாட்சி?"

"அவர் நெத்தியிலயே கேமரா இருந்தது" என்றாள் அவள்.

போட்டுப் பார்த்தார்கள். படகு. நிமிர்ந்து நிற்கும் சிலிண்டர். அதன் வால்வின்மேல் கமாண்டரின் கைகள்.

மைத்துனன் குரல்: "அத்தான், இதை எப்படி மூடறது?"

"இப்படி... மூடியாச்சு. திறக்கறது இப்படி..."

கால் சுற்றுத் திருப்பியவர், அப்படியே விட்டுவிட்டுக் கேமராவைக் கழற்றித் தன் முகத்துக்கு நேரே பிடித்தார். மாவீரர்கள் பற்றி உரை தொடங்கியது. முடிந்தது. கேமரா மறுபடி நெற்றியிலும், சிலிண்டர் முதுகிலும் ஏறின.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நீயும் இல்லை, இவனும் இல்லை. தனக்குத் தானே மூடிக்கிட்டுப் போயிருக்கார்" என்றார் இன்ஸ்பெக்டர். "போங்க ரெண்டு பேரும்... ஏய், நில்லு. எல்லாரும் திறக்கறது எப்படின்னுதானே கேப்பாங்க? நீ ஏன் மூடறதைக் கேட்டே?"

மைத்துனன் தலையைச் சொறிந்தான்.

"நாளைக்குத் தேவைப்பட்டது சார்."

"எதுக்கு?"

"அவரைக் கொல்றதுக்கு."

இன்ஸ்பெக்டரின் கை மறுபடி அவன் காலருக்குப் போனது.

"தினமும் காலையில எங்கக்கா அவருக்கு சல்யூட் அடிக்கணும் சார். இருபது வருஷமா..."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சந்தேகம் கேட்டதுக்கு எந்த செக்‌ஷன்ல கேஸ் போடறது?"

வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. குதிப்பதற்கு முன் கமாண்டர் கடைசியாகக் கேட்டார்:

"புரிஞ்சுதாடா மரமண்டை?"

மரமண்டை தலையாட்டியதும் பதிவாகியிருந்தது.