பாலத்தடியில் எத்தனை கைகள்?

பஸீஹாவுக்குக் கோபம் வந்தால் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் இரும்பு உருகிவிடும் என்று பாலத்தடி ஒழுங்கையில், அந்தக் குறுகலான சந்தில், சொல்வார்கள். அது சுத்தப் பொய். இரும்பு உருகாது. கொஞ்சம் வெதுவெதுப்பாகும், அவ்வளவுதான். ஆனால் 1921ஆம் வருஷம் மாசி மாதத்தில் ஒருநாள் அவளுக்கு வந்த கோபத்தில், பாலத்துக்குக் கீழே ஓடும் மகாவலி கங்கை கொதித்து, மீன்கள் எல்லாம் கறியாகிக் கரை ஒதுங்காமல் போனது பெரிய அதிசயம்.

அவளுக்குப் பத்து வயது. உம்மா உம்மு குல்சும் விடியற்காலையில் ஆப்பம் சுடுவாள். பஸீஹா அதைக் கூடையில் வைத்து ஒழுங்கை முழுவதும் கொண்டுபோய்க் கொடுப்பாள். பள்ளி விட்டு வந்ததும் கங்கையில் இறங்கித் தண்ணீர் மொண்டு வருவாள். அந்த நேரம் பார்த்துத்தான் யானைகள் குளிக்க வரும். யானை புரண்டு எழுந்த தண்ணீரில் தேத்தண்ணி ஊற்றினால் எப்படி இருக்கும் என்று பாலத்தடிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். சீனி எவ்வளவு போட்டாலும் யானை வாடை போகாது.

ஒழுங்கைக்குள் ஒரு தண்ணீர்க் குழாய் வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

அந்த நாளில்தான் குடிசன மதிப்புக்கு ஆள் வந்தது. இலங்கையில் உள்ள அத்தனை பேரையும் ஒருவர் விடாமல் எண்ணி எழுதுகிற வேலை. பாலத்தடிக்கு வந்தவர் வீரசிங்கம் என்ற யாழ்ப்பாணத்து எழுத்தர். ஒரு கையில் தார்ச் சட்டி, மறு கையில் ஒரு பெரிய புத்தகம். ஒவ்வொரு கதவிலும் தாரால் இலக்கம் போட்டார். பிறகு கேள்வி கேட்டு, கட்டம் கட்டமாக எழுதினார்.

பஸீஹா அவர் பின்னாலேயே போனாள்.

கட்டங்கள் வேடிக்கையாக இருந்தன. வெற்றிலை விற்கும் பொடி மெனிக்கேயிடம் கண்டிச் சிங்களமா, கரையோரச் சிங்களமா என்று கேட்டார். கண்டியில் பிறந்தவளிடம் இப்படியொரு கேள்வியா என்று அவள் பாக்குவெட்டியைத் தூக்கினாள். வீரசிங்கம் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று எழுதினார். ஹாஜியார் ஹாஷிம் இலங்கைச் சோனகர். கடைசி வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற பொலிஸ்காரர் மலாய்க்காரர். மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து கட்டை வண்டி ஓட்டும் அழகையாவும் அவர் மனைவி ரத்தினம்மாவும் இந்தியத் தமிழர்.

"நீங்க என்ன கட்டம், ஐயா?" என்று பஸீஹா கேட்டாள்.

"இலங்கைத் தமிழர்."

"ரத்தினம்மாக்காவும் நீங்களும் தமிழ்தானே பேசுறீங்க. ஏன் வேற கட்டம்?"

"அது அப்பிடித்தான், பிள்ளை," என்றார் வீரசிங்கம். அவருக்கும் அதற்குமேல் தெரியவில்லை.

பதினாறு வீடும் முடிந்ததும் அவர் கூட்டிப் பார்த்தார். அறுபத்தொன்று. உச்சுக் கொட்டினார். நூறு பேருக்குக் குறையாமல் இருக்கிற ஒழுங்கைகளுக்குத்தான் இந்த வருஷம் குழாய் போடப் போகிறார்களாம். ஆபீசில் அப்படித்தான் பேச்சாம். பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஒழுங்கையில் நூற்றுப் பன்னிரண்டு பேராம்.

பஸீஹாவின் காது இரண்டும் சிவந்தன. அறுபத்தொன்றா? காலையில் அவள் கொண்டுபோகிற கூடை பொய் சொல்லுமா? அழகையா வீட்டுக்கு மட்டும் ஒன்பது ஆப்பம், ஆளுக்கு ஒன்று. ஆனால் ரத்தினம்மா வீரசிங்கத்திடம் சொன்னது இரண்டு பிள்ளைகள் என்று. அவள் அதைச் சொல்லும்போது அவளுடைய பிள்ளைகளில் ஐந்து பேர் அவருடைய தார்ச் சட்டியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"பிழையான கணக்கு, ஐயா. இன்னும் ஆக்கள் இரிக்காங்க," என்றாள் பஸீஹா.

"வீட்டுக்காரர் சொன்னதைத்தான் நான் எழுதுவன். நாளைக்குக் காலமை ஒருக்கா வந்து சரிபார்ப்பன். அதோட புத்தகத்தை மூடிப்போடுவன்."

அவர் போனதும் பஸீஹா முதலில் தன் வீட்டுக்குத்தான் ஓடினாள். உம்மா மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். எழுத்தர் ஐயாவிடம் எத்தனை பிள்ளை என்று சொன்னீர்கள் என்று பஸீஹா கேட்டாள். உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒன்று என்றாள்.

பஸீஹாவும் அவள் தம்பி முனாபும் சேர்ந்தால் இரண்டு. இது பாலத்தடிக் கோழிக்குஞ்சுக்கும் தெரியும்.

"அந்த ஒண்டு நானா, உம்மா? இல்லாட்டி முனாபா?"

உம்மா மாச்சட்டியை மூடி வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "பெத்த புள்ளைகள எண்ணிச் சொல்லப்போடாது, மகள். கண்ணூறு படும்."

பஸீஹா வெளியே பாய்ந்தாள். வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டாள். எல்லா வீட்டிலும் ஒரே கதைதான். ரத்தினம்மா அதைத் திருஷ்டி என்றாள். பொடி மெனிக்கே எஸ்வஹ என்றாள். ஹாஜியார் வீட்டில் இன்னும் மோசம். திரைச்சீலைக்குப் பின்னால் பதினொரு பெண்கள் இருந்தார்கள். பெண்களைப் பற்றி அந்நிய ஆளிடம் எப்படிப் பேசுவது என்று ஹாஜியார் தன்னையும் இரண்டு மகன்மாரையும் மட்டும் எழுதுவித்திருந்தார். நாலு சாதி, மூன்று பாஷை, அத்தனை கட்டம். பயம் மட்டும் எல்லாருக்கும் ஒன்று.

"அப்ப சாகும்வரைக்கும் யானை குளிச்ச தண்ணியையே குடிங்க," என்று ஒழுங்கையின் நடுவில் நின்று கத்தினாள். மூன்று காகங்கள் பறந்து போயின. அவற்றில் ஒன்று மாத்தளை வரைக்கும் நிற்காமல் பறந்ததாகக் கேள்வி.

கத்தி முடிந்ததும் தொண்டை வலித்தது. ரத்தினம்மா அவளைக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. "கோவிச்சுக்காத பாப்பா," என்றாள். மடுல்கெல்லையில் அவளுக்கு இன்னொரு குழந்தை இருந்ததாம். எத்தனை பிள்ளை என்று யாரோ கேட்க, இவள் பெருமையாக எண்ணிச் சொன்னாளாம். அந்த மாதமே காய்ச்சல் வந்து அந்தக் குழந்தை போய்விட்டதாம்.

பஸீஹாவின் கோபம் எங்கே போவதென்று தெரியாமல் வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. வாசலில் குந்தியிருந்து யோசித்தாள்.

பிள்ளையை எண்ணத்தான் பயம். நாளைக்கு எத்தனை ஆப்பம் என்று கேட்டால் இதே ரத்தினம்மாக்கா யோசிக்காமல் ஒன்பது என்பாள்.

அவள் மறுபடியும் வீடு வீடாகப் போனாள். இந்த முறை கத்தவில்லை. வீட்டுக்கு இரண்டு பிடி அரிசிமா மட்டும் கேட்டாள். காலையில் ஆளுக்கு ஓர் ஆப்பம், அவரவர் கையாலேயே எடுக்க வேண்டும், வாயால் யாரும் ஒரு தொகையும் சொல்லத் தேவையில்லை என்றாள்.

"ஆப்பத்துக்குக் கண்ணூறு பட்டா?" என்று உம்மா கேட்டாள்.

"படட்டும். எப்படியும் தின்னப் போறதுதானே."

மறுநாள் விடியுமுன்பே நாலு அடுப்பு எரிந்தன. ஆப்ப வாசனை கங்கையைத் தாண்டிப் போனது. அக்கரையில் ஒரு பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு மூக்கால் மூச்சை இழுத்தபடி நின்றாராம்.

வீரசிங்கம் வந்தார். விஷயத்தைக் கேட்டதும், ஆப்பம் எண்ண அரசாங்கம் தனக்குச் சம்பளம் தருவதில்லை என்றார்.

"ஆப்பத்தை எண்ண வேணாம், ஐயா. எடுக்குற கைய எண்ணுங்க."

அவர் யோசித்தார். வாசனையும் கொஞ்சம் யோசிக்க வைத்தது. பென்சிலை எடுத்தார்.

பஸீஹா கூடையோடு முன்னே நடந்தாள். வீரசிங்கம் கைக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டே பின்னால் வந்தார். வெற்றிலைச் சிவப்பு ஏறிய கைகள் வந்தன. வண்டிக் கயிறு பிடித்துக் காய்த்த கைகள் வந்தன. மலாய்க்காரரின் கை, சல்யூட் அடித்துவிட்டு ஆப்பத்தை எடுத்தது. கைக்குழந்தைகளின் கையைத் தாய்மார் பிடித்து ஆப்பத்தில் வைத்தார்கள். ஹாஜியார் வீட்டில் திரைச்சீலை அசைந்தது. வளையல் போட்ட கைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து ஆப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போயின. முகம் ஒன்றும் தெரியவில்லை. அழகையா வீட்டில் புருஷன், பெண்சாதி, ஐந்து பிள்ளைகள். ஏழு கைகள்.

ஏழு. பஸீஹா ரத்தினம்மாவைப் பார்த்தாள். ரத்தினம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பஸீஹா கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

கடைசியில் உம்மாவும் பஸீஹாவும் ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். வீரசிங்கம் கோடுகளை எண்ணினார். நூற்று மூன்று.

ஒழுங்கையே ஆரவாரம் செய்தது. பஸீஹாவின் முகம் மட்டும் சிவந்துகொண்டே போனது.

"ஷிராஸ்," என்றாள். "இங்க வா."

பேக்கரிக்காரர் மகன் ஷிராஸ் வந்தான். தொப்பி போட்டு ஒரு முறை, தொப்பி இல்லாமல் ஒரு முறை, அவன் தங்கச்சியின் முக்காட்டைப் போட்டு ஒரு முறை, மூன்று ஆப்பம் எடுத்திருந்தான். மூன்றாவது ஆப்பம் இன்னும் வாயில் இருந்தது. "குழாய்க்காகத்தானே எடுத்தேன்," என்று மென்றுகொண்டே சொன்னான்.

"ரெண்டு கோட்ட அழிங்க, ஐயா."

நூற்றொன்று.

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து நெருப்புச் சுட்ட தழும்போடு ஒரு கை இரண்டு தரம் வந்ததையும் அவள் பார்த்திருந்தாள். அது ஹாஜியாரின் மகள் றலியா. "றலியா ராத்தா, நீங்க ரெண்டு எடுத்தீங்க," என்றாள். திரைக்குள் குபீரென்று சிரிப்புக் கேட்டது.

நூறு.

"போதும் புள்ள. வாயப் பொத்து," என்றார் ஹாஜியார். எல்லாரும் தலையாட்டினார்கள். நூறு என்றால் குழாய். இதற்குமேல் ஒரு சொல் வேண்டாம்.

பஸீஹாவும் வாயைப் பொத்தத்தான் பார்த்தாள். ஆனால் அவள் கண் முனாபின் மேல் போனது. அவனுக்கு வலது கையில் ஓர் ஆப்பம், இடது கையில் ஓர் ஆப்பம். சொந்தத் தம்பி. கோபம் வயிற்றிலிருந்து கிளம்பி நேரே வாய்க்கு வந்துவிட்டது.

"இவன் என் தம்பி. ரெண்டு கையாலயும் எடுத்திரிக்கான். அழிங்க."

தொண்ணூற்றொன்பது. பாலத்தடி முழுவதும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டது. கயிற்றில் காய்ந்த சாரங்களெல்லாம் ஒரு ஆட்டம் ஆடி நின்றன.

பொடி மெனிக்கே பஸீஹாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பக்கத்தில் இருந்த இளைஞனின் முதுகில் கைவைத்து முன்னே தள்ளினாள். தனக்குத் தெரிந்த தமிழில், இவன் என் தம்பி, கம்பளையிலிருந்து காலையில்தான் வந்தான், இவனையும் அழி என்றாள்.

தொண்ணூற்றெட்டு.

"இப்ப சந்தோஷமா?" என்று ஷிராஸ் கேட்டான். பஸீஹாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. இன்னும் இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டு பேர் எங்கே இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அழகையா வீட்டுக்குள் மாச்சாக்குக்குப் பின்னால் இரட்டைப் பிள்ளைகள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வருவார்கள். ஒரே ஒரு சொல் போதும்.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அந்தச் சொல் அவளுடையது இல்லை.

வீரசிங்கம் புத்தகத்தை மூடப் போனார்.

"இருங்க ஐயா," என்று ஒரு குரல் கேட்டது.

ரத்தினம்மா வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது இடுப்பின் இரண்டு பக்கமும் இரண்டு குழந்தைகள். இரண்டு வயது இருக்கும். இரண்டு கன்னத்திலும் உள்ளங்கை அளவு கரிப்பொட்டு. முகத்தைவிடப் பொட்டுத்தான் பெரிதாக இருந்தது. நேரே பஸீஹாவின் கூடைக்கு முன்னால் வந்து நின்றாள்.

பஸீஹா கூடையைத் தாழ்த்திப் பிடித்தாள். இரண்டு சின்னக் கைகள் ஆளுக்கு ஓர் ஆப்பத்தைப் பிடித்தன. அவள் பக்கத்து அடுப்பில் விரலைத் தேய்த்து, இருவர் நெற்றியிலும் இன்னும் ஒரு பொட்டு வைத்தாள். இருக்கட்டும், பாதுகாப்புக்கு.

பிறகு வீரசிங்கத்தை முறைத்தாள்.

வீரசிங்கம் புரிந்துகொண்டார். கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடு, தடவித் தடவி, புத்தகத்தில் இரண்டு கோடு போட்டார். ஒன்று கோணலாக விழுந்தது.

"நான் ஒண்டையும் பாக்கேல்லை, தங்கச்சி," என்றார் ரத்தினம்மாவிடம். "ஆனா எழுதியாச்சு."

அதற்குப் பிறகு அவர் வீடு வீடாகப் போய்ப் பெயரும் வயதும் எழுதிக்கொண்டார். அவரவர் தன் பெயரைத் தானே சொன்னார்கள். ஹாஜியார் வீட்டுப் பெண்கள் திரைக்குள்ளிருந்தபடி வரிசையாகச் சொன்னார்கள். போகும்போது மிஞ்சிய ஆப்பங்களில் நாலை அவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதாக ஷிராஸ் சொல்கிறான். ஷிராஸ் சொல்வதை முழுக்க நம்ப வேண்டியதில்லை. இரண்டு இருக்கலாம்.

ஆவணி மாதம் ஒழுங்கை வாசலில் பளபளவென்று குழாய் வந்து நின்றது. முதல் நாள் காலையில் யார் முதலில் பிடிப்பது என்று மூன்று பாஷையில் பெரிய சண்டை. குடங்கள் மோதின. ஹாஜியாருக்குப் பொடி மெனிக்கே வழிவிடவில்லை, மலாய்க்காரர் விசில் ஊதினார், ஒருவரும் கேட்கவில்லை.

"வந்த மாதிரி வரிசையா நில்லுங்க," என்று பஸீஹா கத்தினாள். எல்லாரும் நின்றார்கள். அவள் சுற்றிப் பார்த்தாள். கத்திய அவசரத்தில் தனக்குக் கிடைத்தது வரிசையின் கடைசி இடம் என்று தெரிந்தது.

அவள் குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, தன் முறை வரும்வரை, மிகவும் கோபமாக, கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள்.