பூட்டிய வீட்டில் எஞ்சின் வேலை

கதவைத் திறந்ததும் ஸ்டெல்லாவின் மூக்கில் ஏறியது பெட்ரோல் வாடை. மழைக்காலத்தில் பகல் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீட்டுக்கென்று ஒரு புழுங்கிய நாற்றம் உண்டு. அதற்கும் மேலே, யாரோ இந்த நிமிடம்தான் வேலையை நிறுத்திவிட்டுக் கை கழுவப் போயிருப்பதைப் போல, பெட்ரோலும் புது ஆயிலும் பச்சையாக அடித்தன. அவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் சமையலறையைத் தாண்டிப் பின்பக்கக் கதவைத் தள்ளினாள். துணி துவைப்பதற்காக வீட்டுக்காரர் கிரில் போட்டு அடைத்துக் கொடுத்திருந்த அந்தச் சின்ன இடம்தான் அவள் கணவன் இருதயராஜின் பட்டறை. அங்கே ஒரு பழைய மேஜையின் மேல், அவன் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று விட்டுப்போனபடியே, ஸ்கூட்டர் எஞ்சின் உடைத்த தேங்காய் மாதிரி இரண்டு பாதியாகக் கிடக்க வேண்டும். காலையில் அவள் துணி எடுக்க வந்தபோதும் அப்படித்தான் கிடந்தது.

இப்போது இரண்டு பாதியும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. சுற்றிலும் நட்டுகள் இறுகியிருந்தன. பொருந்திய விளிம்பில் பிதுங்கிய ஆயில் இன்னும் மெல்ல வழிந்துகொண்டிருந்தது.

கிரில் கதவின் பூட்டு, பூட்டியபடியே வெளிப்பக்கம் தொங்கியது. அதன் சாவி அவள் கைப்பையில் இருந்தது.

இருதயராஜ் இறந்து இன்னும் இரண்டு மாதம் கூட ஆகவில்லை. பாளையங்கோட்டையில் ஒன்றாகப் படித்து, காதலித்து, வேலைக்காக ஹைதராபாத் வந்து, ஏ.எஸ்.ராவ் நகரின் உள் சந்து ஒன்றில் கீழ்வீட்டை வாடகைக்குப் பிடித்தவர்கள் இருவரும். அவளுக்கு சாஃப்ட்வேர் கம்பெனி. அவனுக்குப் பாலாநகரில் ஒரு தொழிற்சாலை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு எஞ்சினோடு உட்கார்ந்துவிடுவான். பழைய ஸ்கூட்டரில் அனந்தகிரி மலைக்குப் போனபோது ஏற்றத்தில் வண்டி இழுக்காமல் அவளை இறங்கி நடக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. அது அவனுக்குத் தாங்கவில்லை. பெரிய சிலிண்டரும் பெரிய கார்புரேட்டரும் வாங்கினான். அதற்கேற்ப எஞ்சின் ஓட்டின் வாயை அகலப்படுத்த மல்லாபூரில் ஒரு லேத் பட்டறைக்கு நடையாய் நடந்தான். அவன் வேலை செய்ய, அவள் டார்ச் பிடிப்பாள்; அவன் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டினால் அடுத்த ஸ்பேனரை எடுத்து வைப்பாள். பிறகு டெங்கு வந்தது. ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்த நாளிலும், "சிலிண்டர்ல துரு ஏறிராம ஆயில் தடவி வச்சிருட்டி" என்றுதான் சொன்னான். அவள் வீட்டுக்கு வந்து தடவி வைத்துவிட்டுத் திரும்பிப் போனபோது அவனுக்கு நினைவு தப்பியிருந்தது.

அன்று ஸ்டெல்லா ஹாலில் விளக்கை அணைக்காமல் படுத்தாள். மறுநாள் மாலை வந்து பார்த்தபோது பிஸ்டன் ஏறியிருந்தது. அதற்கு மறுநாள், புது சிலிண்டர். மேஜை துடைத்திருந்தது. கழற்றிய பழைய நட்டுகளை அளவு வாரியாகத் தேநீர்க் கோப்பைகளில் போட்டு வைப்பது அவன் வழக்கம். அப்படியே போட்டிருந்தது. அவள் அந்தக் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டே வெறுந்தரையில் உட்கார்ந்து, அடக்கத்தன்று கூட அழாத அழுகையெல்லாம் அழுதாள்.

மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர் வெங்கடராமன் ஒருநாள் படியிலேயே நிறுத்தினார். அரசு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த ஊரிலேயே முக்கால் ஆயுளைக் கழித்ததில் ஹைதராபாத் உருது அவர் தமிழில் கலந்துவிட்டிருந்தது.

"ஏம்மா, மத்தியானம் ஆனா டக்கு டக்குன்னு சத்தம் கேக்கறதே, யாராவது வேலை பண்றாளா?"

"ஆமா அங்கிள். மெக்கானிக். அவர் பாதில விட்ட எஞ்சின..."

"ஹவ், அதான் நானும் நினைச்சேன்." அவர் படியிறங்கப் போனவர் நின்றார். "பண்ணட்டும், தப்பில்லே. ஆனா உள்ள ஆளை வச்சுண்டு வெளியில பூட்டிண்டு போறியேம்மா. அது நக்கோ. பாவம், ஒண்ணு கெடக்க ஒண்ணுன்னா அவன் எப்படி வெளியில வருவான்?"

ஸ்டெல்லா கைப்பைக்குள் கிரில் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் லீவு போட்டாள். பட்டறை வாசலில் நாற்காலியைப் போட்டு எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கிரில்லுக்கு வெளியே மழை தூறியது, விட்டது. பக்கத்து வீட்டுக் குக்கர் கத்தியது. கடைசியில் காபி போடலாமென்று எழுந்துவந்தவள், ஈரக்காற்று அடுப்பை அணைத்துவிடாமலிருக்கப் பின்கதவைச் சாத்தினாள். பால் காய்வதற்குள் கேட்டது. ஸ்பேனர் மேஜையிலிருந்து எடுபடும் சத்தம். பிறகு நிதானமாக நட்டு இறுகும் கிறீச்சல், ஒரு நிறுத்தம், மறுபடி கிறீச்சல். ஒவ்வொரு நிறுத்தத்திலும், சிரமப்பட்டு இழுக்கிற ஒரு மூச்சு.

அடுப்பை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வந்து, கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். மரத்தின் வழியாக ஒவ்வொரு திருகும் அவள் முதுகெலும்பில் வந்து சேர்ந்தது.

"ராஜ்," என்றாள். "நீதானா?"

ஸ்பேனர் நின்றது.

மூச்சும் நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் எதுவோ தலையைத் திருப்பி, கேட்டுக்கொண்டு நிற்பது அவளுக்குத் தோலில் தெரிந்தது. பிறகு, பதில் சொல்ல வாயில்லாததைப் போல, கிறீச்சல் மறுபடியும் தொடங்கியது. ஸ்டெல்லா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பயந்ததும் சந்தோஷப்பட்டதும் ஒரே நடுக்கமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவளுக்கு விஷயம் உறைத்தது. வேலை முடியப்போகிறது. இன்னும் சிலிண்டரின் மேல் ஹெட்டை மூட வேண்டும், கார்புரேட்டரைப் பூட்ட வேண்டும், அவ்வளவுதான். முடிந்துவிட்டால் அவன் எதற்கு வருவான்?

அன்று மாலை சத்தம் ஓய்ந்த பிறகு அவள் உள்ளே போனாள். அதே ஸ்பேனரை எடுத்தாள். அவன் இறுக்கியதையெல்லாம் தளர்த்தி, சிலிண்டரை உருவி, பிஸ்டனைக் கழற்றி மேஜையில் பரப்பினாள்.

அப்புறம் அதுவே ஒரு குடித்தனம் மாதிரி ஆகிவிட்டது. பகலில் அவன் பூட்டுவான். மாலையில் வந்து அவள் கழற்றுவாள். ஆபீஸ் கதையெல்லாம் அந்த எஞ்சினிடம் சொன்னாள். சமைத்தாள், சாப்பிட்டாள், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டாள். ஊரிலிருந்து அண்ணன் சுனில் அழைத்தபோது அவள் குரலில் இருந்த தெளிவு அவனையே கலவரப்படுத்தியது.

"ஏட்டி, தனியா அங்க கெடந்து என்ன செய்யப் போற? நான் வந்து கூட்டிட்டு வாரேன்."

"தனியா இல்லண்ணே."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. இங்க எல்லாரும் நல்லா பாத்துக்கிடுதாங்க."

முதலில் மாறியது வாடை. பெட்ரோலுக்கு அடியில் ஸ்பிரிட் நெடி, அதற்கும் அடியில் நனைந்த மண், மண்ணுக்கும் அடியில் இன்னொன்று. அதற்கு அவள் பெயர் வைக்க விரும்பவில்லை. ஊதுபத்தி ஏற்றினாள். பிறகு வேலை கெடத் தொடங்கியது. நட்டின் முனைகள் ஸ்பேனர் வழுக்கி மழுங்கியிருந்தன. ஒரு போல்ட் கோணலாகவே ஏறி இறுகியிருந்தது; அப்படி ஏற்றுகிற கை இல்லை அவனுடையது. எஞ்சின் ஓட்டில் வெள்ளையாக என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்துப் பார்த்தாள். ஊசி அசையாமலிருக்க ஆஸ்பத்திரியில் புறங்கையில் ஒட்டும் பிளாஸ்திரி. அதன் பசையில் மெல்லிய, சாம்பல் நிறத் தோல்.

அவள் அதைக் கீழே போடவில்லை. நெடுநேரம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

இருந்தும் அன்றும் கழற்றினாள். மறுநாளும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. மேஜைக்கு அடியில் வைத்திருந்த ஆயில் தட்டை எடுத்து ஊற்றும்போது, கறுப்பு ஆயிலில் அரிசி மாதிரி ஏதோ மிதந்தது. விரலால் வழித்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

நகம்.

தட்டை மேலும் சாய்த்தாள். இன்னொன்று. இன்னொன்று. பெருவிரல் நகம் முழுசாக, வேரோடு.

அந்தக் கைகளை அவளுக்குத் தெரியும். சவப்பெட்டியில் அவற்றைச் சேர்த்து வைத்து ஜெபமாலையைச் சுற்றிவிட்டது அவள்தான். மண்ணுக்குள் போன கைகள். அந்தக் கைகளைத்தான் ஒவ்வொரு நாளும் எழுப்பி, வரவழைத்து, இரும்போடு போராட வைத்திருக்கிறாள். அவன் பூட்டப் பூட்ட இவள் கழற்றியிருக்கிறாள். அவன் திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கியிருக்கிறான். தேய்ந்து தேய்ந்து.

"ஐயோ ராஜ்," என்றாள். "ஐயோ, என் ராஜ். வலிச்சிருக்குமே."

அன்று அவள் எதையும் கழற்றவில்லை. மழுங்கிய நட்டுகளுக்குப் பதிலாகப் புதியவற்றை எடுத்து, அவன் கைக்கு எட்டும் இடத்தில் வரிசையாக வைத்தாள். ஸ்பேனர்களைத் துடைத்தாள். கதவைச் சாத்தும்முன் மேஜையைப் பார்த்து, "முடிச்சிரு ராஜ். நான் இனிமே தொடமாட்டேன். முடிச்சிட்டுப் போய்த் தூங்கு," என்று சொன்னாள்.

சனிக்கிழமை காலையிலிருந்தே கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே வேலை நடந்தது. மெதுவாக. மிக மெதுவாக. ஸ்பேனர் அடிக்கடி கீழே விழுந்தது. ஒவ்வொரு முறை விழும்போதும் அதைத் தரையில் தேடித் துழாவும் உராய்வு. அவள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அந்த அளவுக்காவது கூட இருக்க வேண்டுமென்று நினைத்தாள். மதியத்துக்கு மேல் வானம் கறுத்து, வீட்டுக்குள் விளக்கில்லாமல் எதுவும் தெரியாத மழையிருட்டு வந்தது. சத்தம் ஓய்ந்தது.

எழுந்து கதவைத் திறந்தாள். யாருமில்லை. எஞ்சின் முழுசாக நின்றது. ஹெட், கார்புரேட்டர், புகைக்குழாய், எல்லாம். பெட்ரோலுக்காகக் கிரில் கம்பியில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் தலைகீழாகத் தொங்கியது. அதன் குழாய் வழியாகப் பெட்ரோல் சொட்டுச் சொட்டாகக் கார்புரேட்டருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அப்படியொரு பாட்டில் அவள் வீட்டில் இருந்ததே இல்லை.

"நல்லா வந்திருக்கு ராஜ்," என்றாள். "ரொம்ப நல்லா வந்திருக்கு."

வெளியே வந்து, கதவைச் சாத்தி, நெற்றியை மரத்தில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கிக்கர் ஒருமுறை இறங்கியது. செருமல். மறுபடி இறங்கியது. எலும்பு முறிவதைப் போல ஒரு சத்தம். அப்புறம் எஞ்சின் பற்றிக்கொண்டது.

வீடே அதிர்ந்தது. அலமாரியில் பாத்திரங்கள் நடுங்கின. கதவுக்கு அடியிலிருந்து நீலப் புகை வந்து அவள் கால்களைச் சுற்றியது. முதலில் திக்கித் திணறி, பிறகு சீராக, கனமாக, அவன் ஆசைப்பட்ட அதே பெரிய குரலில் அது ஓடியது. ஸ்டெல்லா அழுதுகொண்டே சிரித்தாள். போ, போ, என்று உதடு மட்டும் அசைத்தாள். பெட்ரோல் தீர்ந்ததும் அது இருமுறை தும்மி நின்றது.

அமைதி. மழை மட்டும்.

போய்விட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. மார்பில் ஒரு பெரிய ஓட்டை விழுந்ததைப் போலிருந்தது. அதையும் மீறி, ஒரு நிம்மதி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணனை அழைக்க வேண்டும். சாமான்களைக் கட்ட வேண்டும்.

டக்.

அவள் அசையாமல் நின்றாள்.

டக். ஒரு முறிப்பு, பிறகு லேசான சுழற்சி. இறுக்கும்போது சத்தம் கடைசியில்தான் கனக்கும். தளர்த்தும்போது முதலிலேயே முறியும். இத்தனை நாளாகத் தளர்த்தியவள் அவள். அவளுக்குத் தெரியாதா?

நட்டு ஒன்று கோப்பைக்குள் விழுந்தது. கிண்.

அடுத்தது.

அவளைப் போலவே அவனும் கழற்றிக்கொண்டிருந்தான்.

"வேண்டாம் ராஜ்." குரல் வெளியே வரவில்லை. "வேண்டாம். போயிரு."

கிண்.

அவள் கதவைத் தள்ளினாள்.

இந்தமுறை அவன் மறையவில்லை. புகைக்குள், மேஜை முன்னால், முதுகைக் காட்டிக் குனிந்து நின்றான். அடக்கத்துக்கு உடுத்திய வெள்ளைச் சட்டை. விறைத்த உடம்பில் மாட்டுவதற்காகப் பின்பக்கம் நீளமாகக் கத்தரித்திருந்தார்கள். அந்தப் பிளவு வழியாக முதுகு தெரிந்தது. முதுகென்று சொல்ல அதில் அதிகம் மீதியில்லை. அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. சூடான இரும்பிலிருந்து வலது கையை எடுத்தான். அது புகைந்தது. விரல் நுனிகளில் சதை இல்லை. வெள்ளையாக, கூராக, ஆயில் சொட்டிக்கொண்டு இருந்தன.

அந்தக் கையை அப்படியே பின்னால் நீட்டினான். உள்ளங்கையை மேலே விரித்து. அடுத்த ஸ்பேனருக்காக. பொறுமையாக.