ஐந்தாம் முகம்

டேவிஸின் தலையணையில் எண்ணெய் பிசுபிசுத்தது. மற்ற வீடுகளில் இது ஒரு செய்தியே இல்லை. உறையைக் கழற்றித் துவைத்துப் போட்டால் தீர்ந்தது. ஆனால் டேவிஸுக்குத் தலைமுடி இருந்ததற்குச் சாட்சி சொல்ல அவருடைய கல்யாண ஆல்பத்தை விட்டால் வேறு நாதி கிடையாது. வழுக்கைக்கு எண்ணெய் தடவும் அளவுக்கு அவர் நம்பிக்கைவாதியும் அல்ல.

உறையை மாற்றினார். இரண்டு நாளில் மறுபடி அதே பிசுக்கு, தேங்காயெண்ணெயில் செம்பருத்தி போட்டுக் காய்ச்சிய வாசனை, நடுவில் ஒரு தலை அளவுக்குக் குழி. மெட்டில்டா டியூட்டிக்குக் கிளம்பிப் போய் வெகுநேரம் கழித்து அவர் படுத்தாலும், விரிப்பில் அவர் பக்கம் மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருப்பதுபோல வெதுவெதுப்பாக இருந்தது.

மெட்டில்டா நர்ஸ். ராத்திரி டியூட்டியையே கேட்டு வாங்கிக்கொண்டவள். டேவிஸ் பகலில் வெளியே சுற்றுகிறவர். அக்ரஹாரத்தில் அந்த மாடி வீட்டின் ஒரே கட்டிலை இருவரும் லாட்ஜ் அறையைப் போல முறை வைத்துப் பயன்படுத்தினார்கள். காலையில் அவர் ஷூ மாட்டும்போது அவள் செருப்பைக் கழற்றுவாள். சாயங்காலம் ஒரு காபி. தாம்பத்தியம் அந்த ஒரு டம்ளரில் அடங்கிவிட்டது.

வேறொரு ஆளோ என்று நினைத்துப் பார்த்தார். கோபம் வருகிறதா என்று காத்திருந்தார். மரத்துப்போன காலைக் கிள்ளியது மாதிரி இருந்தது. கிள்ளுவது தெரிந்தது, வலி இல்லை. ஹெப்பாளில் வேலை பார்த்த ஃபேக்டரியை மூடியதிலிருந்தே அவருக்கு எல்லாம் அப்படித்தான். தவிரவும், நின்றுகொண்டே தூங்கி விழும் அந்த அம்மாளுக்குத் துரோகம் செய்யத் தெம்பு ஏது?

இப்போதைய பிழைப்பு சர்வே. வயதுவந்தவர்கள் தங்கள் தூக்கத்தில் எவ்வளவு திருப்தியாக இருக்கிறார்கள் என்று அளக்க வேண்டும். கையில் ஓர் அட்டை, அதில் ஐந்து முகங்கள். முதல் முகம் அழும், ஐந்தாம் முகம் வாய்நிறையச் சிரிக்கும், மூன்றாம் முகத்துக்கு வாய் ஒரு நேர்கோடு. அந்த மூன்றாம் முகம் தன்னுடைய பாஸ்போர்ட் போட்டோ போலவே இருப்பதாக டேவிஸ் சொல்லிக்கொள்வார்.

தேவராஜ மார்க்கெட்டில் பூ விற்கும் மல்லம்மா அழுகிற முகத்தில் விரலை வைத்துவிட்டு, "இதுக்கும் கீளே ஒண்ணு இல்வா சார்?" என்று கன்னடம் கலந்த தமிழில் கேட்டாள். ஹெப்பாளில் ஐ.டி. பிள்ளைகள் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் தாங்கள் நன்றாகத் தூங்கினோமா என்று சொன்னார்கள். விரல் பட்டுப் பட்டு முதல் நான்கு முகங்களும் அழுக்கேறிவிட்டன. ஐந்தாம் முகத்தை மட்டும் இதுவரை ஒருவரும் தொடவில்லை. அது பளபளவென்று சிரித்துக்கொண்டிருந்தது.

சர்வே கணக்குக்கு ராத்திரி வேலை பார்ப்பவர் ஒருவர் குறைந்தார். "சொந்த வீட்டுல மட்டும் எடுக்காதீங்கண்ணா, ரூல்ஸு" என்று மேற்பார்வையாளன் கவின்ராஜ் முதல் நாளே சொல்லியிருந்தான். அலைய அலுப்பாக இருந்தது. டேவிஸ் சொந்த வீட்டில் எடுத்தார்.

"மெட்டி, ரெண்டு நிமிஷம். உன் தூக்கத்தைப் பத்தி."

"நல்லாத் தூங்குறவளுக்கு எதுக்குங்க சர்வே? தூங்காதவங்களைப் போய்க் கேளுங்க."

டேவிஸ் நிமிர்ந்து பார்த்தார். இவளா? பகலெல்லாம் குப்பை வண்டியின் பாட்டையும் கோயில் மைக்கையும் ஆட்டோ ஹாரனையும் கேட்டபடி கொட்டக்கொட்ட விழித்துக் கிடந்தவள். போன கிறிஸ்துமஸ் சமயம் டியூட்டி முடிந்து வரும்போது, ஓடுகிற ஸ்கூட்டரிலேயே கண்ணயர்ந்து டிவைடரில் மோதியவள். தாடையில் அந்தத் தையல் தழும்பு இன்னும் இருக்கிறது. இன்னொரு தடவை அப்படி ஆனால் தையல் போட ஆள் மிஞ்சாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் ஸ்கூட்டர் சத்தம் கேட்கும்வரை தினமும் காலையில் டேவிஸ் ஜன்னலை விட்டு நகர்வதில்லை.

அட்டையை நீட்டினார். யோசிக்கவே இல்லை, காபி டம்ளரின் ஈரத்தோடு அவள் விரல் ஐந்தாம் முகத்தில் போய் உட்கார்ந்தது.

"பக்கத்துல படுக்கிறவரால தொந்தரவு உண்டா?" என்று அடுத்த கேள்வியைப் படித்தார்.

"முன்னாடி உண்டு. உங்க குறட்டையும், கடைசில குக்கர் மாதிரி வர்ற அந்த விசிலும். இப்ப அது கேட்டாத்தான்ப்பா எனக்குத் தூக்கமே வருது."

"இப்ப எங்க கேக்குறே?"

"நடிக்காதீங்க. வேலையை டபாய்ச்சிட்டு மத்தியானம் வந்து படுக்கிறீங்களே, தெரியாதுன்னு நினைச்சீங்களா? உங்க கவின்ராஜ்கிட்டப் போட்டுக் கொடுக்க மாட்டேன், பயப்படாதீங்க." சிரித்தாள். "நெத்தியில கையை வைப்பீங்களே, அஞ்சு விரலும் சில்லுன்னு. அவ்ளோதான், அப்படியே சொருகிடும் கண்ணு."

டேவிஸ் தன் வலது கையைப் பார்த்தார். சுண்டுவிரலை ஃபேக்டரி பிரஸ் மெஷின் அடியோடு வாங்கிக்கொண்டு பல வருஷம் ஆகிறது. இடது கையைப் பார்த்தார். அது வாதத்தில் மடங்கி, தோளுக்கு மேல் எழும்பாது.

"கண்ணைத் தெறந்து பாத்தியா, மெட்டி?"

"எங்க பாக்குறது? வெளிச்சம் ஆகாதுன்னு கறுப்புத் துப்பட்டா கட்டிக்கிறேனே." ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் காணாமல் போய், முகம் கல்யாண ஆல்பத்திலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. "நாளைக்கும் வாங்க. வராம இருந்துடாதீங்க, என்ன?"

சொல்லிவிடலாம். சொன்னால் அவள் தூங்க மாட்டாள். தூங்காவிட்டால் ஸ்கூட்டர். டேவிஸ் வாயைத் திறந்தார். "ஹெல்மெட் பட்டியை மாட்டிக்கோ" என்றார்.

மறுநாள் உச்சிவெயிலில் திரும்பி வந்தார். வாசலில் வீட்டுக்காரி கௌரம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"ஈக தானே மேலே ஹோத்ரி? மத்தே எல்லிந்த பந்த்ரி?"

இப்போதுதானே மேலே போனீர்கள், மறுபடி எங்கிருந்து வந்தீர்கள் என்கிறாள். அவள் கண்ணில் பயம் இல்லை; கிழவனுக்கு இந்த வயதில் என்ன விளையாட்டு என்ற சலிப்புதான். டேவிஸ் சிரித்து வைத்தார். சிரிப்பு முகத்தில் எங்கோ தொலைவில் நடந்தது.

படிகளில் ஏற ஏற, கீழே தெருவின் சத்தங்கள் ஒவ்வொன்றாக வற்றின. முதலில் ஆட்டோ, பிறகு காய்கறி வண்டிக்காரனின் கூவல், கடைசியாக கௌரம்மாவின் முறத்தில் பருப்பு விழும் சத்தம். அதற்குப் பிறகு செம்பருத்தி எண்ணெயின் வாசனை மட்டும், ஈரத் துணியை முகத்தில் போட்டதுபோல. சாவியைத் திருப்பினார். பூட்டு அரவமில்லாமல் திறந்தது. அது அப்படித் திறப்பதில்லை.

படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

மெட்டில்டா சுவரோரம். கண்ணில் கறுப்புத் துப்பட்டா. வாய் லேசாகத் திறந்து, குழந்தை மாதிரி.

அவள் பக்கத்தில் போர்வை. போர்வைக்குள் ஓர் உயரம். அவருடைய உயரம்.

மேலே, தலையணையில், அடர்ந்த கறுப்பு முடி. படிய வாரிய வகிடு. அந்த வகிட்டை அவருக்குத் தெரியும். மாதாகோயில் வாசலில், மாலையோடு நின்ற வகிடு.

அவள் நெற்றியில் ஒரு கை. ஐந்து விரல்.

பயப்பட வேண்டும் என்று டேவிஸுக்குத் தோன்றியது. வரவில்லை. பாதம் மரத்திருந்தது. முழங்கால். இடுப்பு.

தரைப்பலகை முனகியது.

"யாருங்க?" தூக்கத்தில் மெட்டில்டா.

"சர்வேக்காரன்." டேவிஸின் குரல். ஆனால் டேவிஸ் வாயைத் திறக்கவில்லை.

"அப்புறம் வரச் சொல்லுங்க…" புரண்டு, அந்தத் தோளில் முகம் புதைத்துக்கொண்டாள்.

நெற்றியிலிருந்து கை எழுந்தது. நீண்டது. தலையணையை விட்டுத் தோள் அசையவில்லை. கை மட்டும் நீண்டது. கட்டிலைத் தாண்டி. நாற்காலியைத் தாண்டி. அட்டையைத் தான் நெஞ்சோடு பிடித்திருப்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

சில்லென்ற விரல் ஐந்தாம் முகத்தில் பட்டது. அழுத்தியது.

"நன்றி சார்," என்றார் டேவிஸ். பழக்கம். அவள் விழித்துவிடக் கூடாதே என்று மெல்லப் பின்வாங்கி, மெல்லக் கதவை இழுத்தார்.

சாத்த முடியவில்லை. இடுக்கில் ஐந்து விரல்.

கதவின் விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே மெட்டில்டாவின் மூச்சு, சீராக. அதற்கு மேல் இன்னொன்று. கனமாக. ஏறி, இறங்கி, கடைசியில் குக்கர் மாதிரி ஒரு விசில்.

தன் குறட்டையை டேவிஸ் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார். இடுக்கில் விரல்கள் அதற்குத் தாளம்போல, அவர் கைமேல், மெல்ல, தூங்கச் சொல்லித் தட்டிக்கொண்டிருந்தன.